டர்பனிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய ஆயாவுக்கு 78 வயது. (டர்பன் தமிழ் வீடுகளில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.) தன் தாத்தா பிறந்த ஊரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆயாவுக்கு ஆசை. அந்தக் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிய பட்டியலின் நகல் ஒன்று குடும்பத்தில் இருக்கிறது, அதில் வட ஆற்காடு (வேலூர் பக்கத்தின் பழைய மாவட்டப் பெயர்) என்று இருக்கிறதாம். சென்னை வரை விமானத்தில் போய், அங்கிருந்து காரில் வேலூர் பக்கம் போகலாம் என்பது திட்டம். தம்பியின் கேள்வி இதுதான்: டர்பனிலிருந்து சென்னை எத்தனை கிலோமீட்டர்? ஒரு இடத்தில் எட்டரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது, டிக்கெட் தேடினால் 16, 19, 27 என்று வருகிறது, எதை நம்புவது, எந்த வழியில் அழைத்துப் போவது?

முதலில் தூரம். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை நேர்வழியில் சுமார் 7,075 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 4,400 போல. விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் ஏறக்குறைய 3,820. சில இடங்களில் பத்து இருபது கிலோமீட்டர் கூடவோ குறையவோ போட்டிருப்பார்கள். நகரத்தின் நடுவிலிருந்து அளந்தார்களா, விமான நிலையத்திலிருந்து அளந்தார்களா, பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டார்களா, துருவங்களில் லேசாகத் தட்டையானது என்று வைத்துக்கொண்டார்களா என்பதைப் பொறுத்து அந்த வித்தியாசம் வரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எட்டரை மணி நேரம் என்பது இந்தத் தூரத்திலிருந்து கணக்குப் போட்டு எடுத்த எண். பெரிய விமானம் மேலே போய்ச் சீரான வேகத்தைப் பிடித்ததும் மணிக்கு 880, 900 கிலோமீட்டர் போகும். 7,075-ஐ அதால் வகுத்தால் எட்டு மணி நேரம் வருகிறது. ஓடுதளத்துக்கு நகர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, இறங்கியபின் நிற்கும் இடத்துக்கு வந்து சேருவது எல்லாவற்றுக்கும் அரை மணி, முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டரையிலிருந்து ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் டர்பனுக்கும் சென்னைக்கும் இடையே நேரடி விமானம் கிடையாது. ஓடாத விமானத்தின் நேரத்தைத்தான் அங்கே போட்டிருக்கிறார்கள். டிக்கெட்டில் வரும் 16-உம் 19-உம் 27-உம்தான் நீங்கள் உண்மையில் உட்கார்ந்தும் காத்திருந்தும் கழிக்கப்போகும் நேரம்.

அந்த நேர்வழி எங்கெங்கே போகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் சரியாக வராது. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் டர்பன் மேல் ஒரு நூலின் முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சென்னை வரை இழுத்து விறைப்பாக வையுங்கள். நூல் படுகிற இடம்தான் மிகக் குறைந்த தூரம். டர்பனில் கடலைத் தொட்டு வடகிழக்கே போகிறது. மடகாஸ்கர் தீவைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் குறுக்கே வெட்டுகிறது. செஷல்ஸ் தீவுகளை இடது கைப்பக்கம் விட்டுவிட்டுப் பூமத்திய ரேகையைத் தாண்டி, மாலத்தீவின் வடக்குத் தீவுகளைத் தொட்டுக்கொண்டு, ஆலப்புழை பக்கம் கேரளக் கரையேறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கினால் அந்தக் கோடு போய் நிற்கும் இடம் பழனி. கோயில் மலையிலிருந்து பத்து கிலோமீட்டர் போலத் தள்ளி, அவ்வளவுதான். அப்புறம் நாமக்கல் பக்கம், கள்ளக்குறிச்சி பக்கம், பிறகு சென்னை.

அதைப் பார்த்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தைப்பூசத்துக்குத் தோளில் காவடி எடுத்துக்கொண்டு டர்பனைச் சுற்றியுள்ள இந்த நேட்டால் மண்ணில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிற மக்கள் நாம். கரும்புத் தோட்டத்துக்கு நடுவே சுப்பிரமணியருக்குக் கோயில் எழுப்பியவர்கள். அவர்களுடைய ஊருக்கும் சென்னைக்கும் உள்ள நேர்கோடு பழனியைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆயாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், தம்பி. கிலோமீட்டர் கணக்கைவிட இதுதான் அவர் மனதில் நிற்கும்.

சரி, நேரடி விமானம் ஏன் இல்லை? தூரம் காரணமில்லை. 7,000 கிலோமீட்டர் இன்றைய பெரிய விமானங்களுக்குச் சாதாரணம். டர்பன் விமான நிலையமும் இதற்கு வசதியானதுதான். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஏற்காட்டைவிட உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் எரிபொருளும் பயணிகளுமாக நிறைந்த விமானம் எழும்ப அதிக ஓட்டம் வேண்டும். ஓடுதளம் 4.4 கிலோமீட்டருக்கு நீளமாக இருப்பது அதனால்தான். கிங் ஷாகா கடலோரத்தில் இருக்கிறது, ஓடுதளம் 3.7 கிலோமீட்டர். சென்னைக்கு வேண்டிய எரிபொருளோடு ஒரு விமானம் இங்கிருந்து கஷ்டமில்லாமல் எழும்பும். குறைவது ஆட்கள்தான். முந்நூறு இருக்கை உள்ள விமானத்தை வாரத்துக்கு நான்கு நாள் ஓட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் டர்பனிலிருந்து சென்னைக்கு என்றே இருநூற்றைம்பது பேர் வேண்டும், மார்கழி விடுமுறையில் மட்டும் இல்லாமல் ஆண்டு முழுக்க. துபாய் வழியாகப் போகும் விமானத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதே விமானத்தில் சென்னைக்குப் பத்துப் பேர், லண்டனுக்கு நாற்பது பேர், பேங்காக்குக்கு இருபது பேர் என்று ஏற்றிக்கொண்டு, துபாயில் பிரித்து அனுப்பிவிடுவார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு சவுத் ஆப்ரிக்கன் ஏர்வேஸ் ஓட்டிவந்த நேரடிச் சேவையே 2015-இல் நின்றுபோனது. அந்தத் தூரமும் கிட்டத்தட்ட இதே அளவுதான், 7,000-க்குக் கொஞ்சம் குறைவு.

ஆகவே எங்காவது ஒரு இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறுவது என்பதில்தான் உங்கள் ஆயாவின் உடம்பு படப்போகும் பாடு அடங்கியிருக்கிறது.

டர்பன் ஆட்கள் பெரும்பாலும் போவது துபாய் வழி. எமிரேட்ஸ் 2009 முதல் டர்பனிலிருந்து துபாய்க்கு ஓட்டுகிறது. அப்போது பழைய விமான நிலையம் இஸிபிங்கோ பக்கம் தெற்கில் இருந்தது, சாட்ஸ்வொர்த் ஆட்களுக்குப் பக்கம். 2010 மே மாதம் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்னால் நகருக்கு வடக்கே லா மெர்சியில் கிங் ஷாகா திறந்தபிறகு வெருலம், டோங்காட் ஆட்களுக்குப் பக்கமாகிவிட்டது. டர்பனிலிருந்து துபாய் 6,625 கிலோமீட்டர், எட்டேகால் எட்டரை மணி நேரம். பெரும்பாலும் மாலையில் கிளம்பி விடியற்காலையில் துபாய் போய்ச் சேரும். அங்கிருந்து சென்னை 2,935 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மொத்தம் 9,560 கிலோமீட்டர். நேர்வழியைவிட 2,500 கிலோமீட்டர் அதிகம். வடக்கே போய்விட்டுக் கிழக்கே திரும்புவதால் வரும் சுற்று அது. தோஹா வழியாகப் போனாலும் ஏறக்குறைய இதே தூரம், இருநூறு கிலோமீட்டர் கூட.

பறக்கிற நேரம் பன்னிரண்டரை. மீதி எல்லாம் துபாயில் உட்கார்ந்திருப்பதுதான். காத்திருப்பு மூன்று மணி நேரமாக இருந்தால் பயணம் பதினைந்தரை, ஏழு மணி நேரமாக இருந்தால் பத்தொன்பதரை. 27 மணி நேரம் என்று காட்டுகிற டிக்கெட்டில் விமானம் மெதுவாகப் போவதில்லை, துபாயில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் உங்களை உட்கார வைக்கிறார்கள். விலை குறைவாக இருப்பதும் அதனால்தான். இளைஞர்கள் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வார்கள். 78 வயதில் அது முடியாது.

மொரிஷியஸ் வழி என்று ஒன்று உண்டு. எனக்கு இதில் தனிப் பிரியம், ஏனென்றால் புவியியல் நம் பக்கம் நிற்கிறது. டர்பனிலிருந்து மொரிஷியஸ் 2,855, அங்கிருந்து சென்னை 4,455, கூட்டினால் 7,310. மொரிஷியஸ் அந்த நேர்கோட்டிலிருந்து 950 கிலோமீட்டர் போலத் தென்கிழக்கே விலகி இருக்கிறது. இருந்தும் வெறும் 240 கிலோமீட்டர்தான் கூடுகிறது. நீளமான கோட்டின் நடுப்பகுதியில் கொஞ்சம் வளைந்தால் மொத்த நீளம் அவ்வளவாகக் கூடாது. நூலை நடுவில் விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், புரியும். ஆனால் நடைமுறையில் பார்த்தால், நீங்கள் முதலில் ஜோகன்னஸ்பர்க் போக வேண்டியிருக்கும். அப்போது மொத்தம் 8,000 கிலோமீட்டர் ஆகிவிடும், இரண்டு இடத்தில் மாற வேண்டும். மொரிஷியஸிலிருந்து சென்னைக்குத் தினசரி விமானமும் கிடையாது. நாள் பொருந்தாவிட்டால் தீவில் இரவு தங்க வேண்டும். யாராவது சொந்தக்காரர் அங்கே இருந்தால், அல்லது இரண்டு நாள் தங்கி அங்குள்ள கோவில்களையும் பார்த்துவிட்டுப் போக நேரம் இருந்தால், இதைவிட நல்ல வழி இல்லை. எட்டு ஒன்பது மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நான்கு மணி நேரம், ஓய்வு, பிறகு சென்னைக்கு ஆறு மணி நேரம் போல. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

அடிஸ் அபாபா வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிக்கெட் தேடும்போது பலமுறை அதுதான் மலிவாக வரும். தூரமும் துபாய் வழியைவிடக் குறைவு. டர்பன், ஜோகன்னஸ்பர்க், அடிஸ் அபாபா, சென்னை என்று கூட்டினால் 9,080 கிலோமீட்டர் வரும். உங்களைப் போன்ற இளைஞர் தனியாகப் போவதானால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகள் பட்டியலில் இருப்பவை. அந்த நாடுகளிலிருந்தோ அந்த நாடுகள் வழியாகவோ ஆறு நாட்களுக்குள் இந்தியாவுக்கு வருகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறி வந்தவர்களுக்கு விலக்கு தர விதியில் இடம் உண்டு, ஆனால் அது அங்குள்ள சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது. திரும்பி வரும்போதும், அந்த நாடுகளின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிவிட்டு வந்தால் தென்னாப்பிரிக்கா அதே சான்றிதழைக் கேட்கும்.

ஊசி போட்டுவிட்டால் போச்சு என்று நினைக்கலாம். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும், பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் மருத்துவர்கள் மிகவும் யோசித்துத்தான் போடுவார்கள். சில ஆயிரம் ரேண்ட் மிச்சம் பிடிப்பதற்காக 78 வயது ஆயாவை அந்த நிலைமையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அடிஸ் அபாபா, நைரோபி இரண்டையும் உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ஜோகன்னஸ்பர்க் போய் அங்கிருந்து வளைகுடா வழியாகவோ மும்பை, டெல்லி வழியாகவோ போகும் டிக்கெட்டுகளும் நிறைய வரும். போகும்போது அவ்வளவு தொந்தரவு தெரியாது. திரும்பும்போதுதான் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவில் முதலில் இறங்கும் இடத்திலேயே இமிக்ரேஷன் முடித்து, லக்கேஜைக் கையில் எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டும். பைகளில் டர்பன் என்று ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். பதினாறு மணி நேரம் பயணம் செய்து களைத்த பிறகு ஆயாவை வீல்சேரில் வைத்துக்கொண்டு, நான்கு பெட்டியையும் தள்ளிக்கொண்டு, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டும். இந்தியாவிலும் இதே முறைதான். மும்பையில் இறங்கினால் இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும் மும்பையிலேயே, சில நேரம் டெர்மினலே மாற வேண்டும். துபாய் அல்லது தோஹாவில் மட்டும் மாறினால் சென்னை டிக்கெட்டில் பெட்டி நேராகச் சென்னைக்குப் போய்விடும், திரும்பும்போது டர்பனிலேயே இறங்கி வீட்டுக்குப் போகலாம். மாறும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வயதானவர்களுக்கு மிக முக்கியம், தூரம் ஆயிரம் கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால் அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டுத் திருப்பி அனுப்பும்போது, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஒரு நிறுவனத்திலும் அங்கிருந்து சென்னைக்கு வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தேன். சேர்த்து எடுப்பதைவிட மலிவாகத் தெரிந்தது. முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அடுத்த விமானத்தின் கவுன்டர் மூடிவிட்டது. இரண்டும் தனி டிக்கெட் என்பதால் இரண்டு பேருமே பொறுப்பேற்கவில்லை. அம்மாவுக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது, ஒரு இரவு விடுதியில். அந்த இரவு அம்மா ஒரு வார்த்தைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. எந்த வழியாகப் போனாலும் டர்பனிலிருந்து சென்னை வரை ஒரே டிக்கெட்டாக, ஒரே பதிவு எண்ணில் எடுங்கள். அப்படி எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை.

அடுத்தது கடிகாரக் குழப்பம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். சென்னை டர்பனைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆண்டு முழுக்க. இரண்டு நாட்டிலும் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. துபாய் டர்பனைவிட இரண்டு மணி நேரம் முன்னால். ஒரு உதாரணம்: திங்கள் மாலை 7 மணிக்கு டர்பனில் கிளம்பி, செவ்வாய் மதியம் 2 மணிக்குச் சென்னையில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தைப் பார்த்தால் 19 மணி நேரம் போலத் தோன்றும். மூன்றரையைக் கழியுங்கள், உண்மையான பயணம் பதினைந்தரை. திரும்பும்போது நேர்மாறு. சென்னையில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை நாலரைக்கு டர்பன் வந்தால் பன்னிரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டோம் என்று தோன்றும். மூன்றரையைக் கூட்டினால் பதினாறு. ஆயாவின் மாத்திரைகளுக்கு இந்தக் கணக்கு முக்கியம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியதை ஊர் நேரம் பார்த்துப் போட்டால் இடைவெளி தப்பிவிடும். பயணம் முடியும்வரை ஒரு கைக்கடிகாரத்தை டர்பன் நேரத்திலேயே வைத்திருங்கள், மருந்து மட்டும் அந்தக் கடிகாரப்படி. மருந்துகள் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு.

திரும்பும் பயணம் கொஞ்சம் நீளமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று அடிக்கும். சென்னையிலிருந்து துபாய்க்குப் போகிற விமானம் அதன் முகத்தில் போக வேண்டும், கால் மணி அரை மணி கூடும். பெரிய விஷயமில்லை, ஆனால் துபாயில் மாறும் நேரம் ஒன்றரை மணி என்று இறுக்கமாக இருக்கும் டிக்கெட்டை இதற்காகவும் தவிர்க்கலாம். மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் இருந்தால் ஆயா கழிப்பறை போய், சூடாக ஏதாவது சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு நிதானமாக அடுத்த விமானத்தில் ஏறலாம்.

வீட்டு வாசலிலிருந்து ஊர் வாசல் வரை எத்தனை மணி நேரம் என்றும் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து கிங் ஷாகாவுக்கு ஐம்பது கிலோமீட்டர் போல, வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். பயணம் பதினாறு. சென்னையில் இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்றரை. வேலூர் சென்னையிலிருந்து 140 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். கூட்டினால் இருபத்தைந்து மணி நேரம். அதனால் இறங்கிய அன்றே வேலூர் கிளம்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியில் ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே ஆயாவுக்கு வீல்சேர் கேட்டுவிடுங்கள், தனிக் காசு கிடையாது. 'அவர் நடப்பார், வேண்டாம்' என்று பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. வீட்டில் நடப்பதும் துபாய் விமான நிலையத்தில் நடப்பதும் ஒன்றல்ல. ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டிவரும். வீல்சேர் இருந்தால் பாதுகாப்புச் சோதனையிலும் இமிக்ரேஷனிலும் தனி வரிசை, கூடப் போகிற நீங்களும் அதில் போகலாம். விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கை வாங்கிக் கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்கட்டும். நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஆயாவுக்கு இதயத்துக்கோ ரத்தத்துக்கோ மருந்து நடந்துகொண்டிருந்தால் போவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் இந்தப் பயண நேரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

மாதம் எது என்பதும் முக்கியம். இங்கே பள்ளி விடுமுறை டிசம்பரில், டிக்கெட் விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். ஏப்ரல், மே வேலூர் வெயில் ஆயாவுக்குத் தாங்காது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போங்கள். மழை ஓய்ந்து, ஏரிகளில் தண்ணீர் நிறைந்து, வயல் பச்சையாக இருக்கும். ஆயாவின் தாத்தா விட்டுவிட்டு வந்த ஊர் அப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கும்.

அந்தத் தாத்தா எந்தக் கப்பலில், எந்த ஆண்டு வந்தார் என்று கேள்வியில் இல்லை. முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபர் 12 அன்று மதராஸில் கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 342 பேர், 35 நாட்கள். நேர்கோட்டுத் தூரத்தை வைத்தே பார்த்தாலும் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர்தான், கப்பல் சுற்றிப் போன தூரம் இன்னும் அதிகம். அந்த 200 கிலோமீட்டரை உங்கள் விமானம் கால் மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். 1911 வரை இப்படி 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக வந்தவர்கள். கப்பல் பட்டியலில் மாவட்டத்துக்குப் பக்கத்தில் தாலுகாவும் கிராமமும் எழுதியிருப்பார்கள், ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்து குழம்பியிருக்கும். அந்த நகலை ஒரு புகைப்படம் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலூரில் வயதான யாரிடமாவது அந்த எழுத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினால், எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். என்னோடு வந்த மூன்று குடும்பங்களுக்கு அப்படித்தான் ஊர் கிடைத்தது.

எனவே, தம்பி, துபாய் வழி, ஒரே டிக்கெட், இடையில் நான்கு மணி நேரம், பிப்ரவரி. இந்தியாவுக்கான இ-விசாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், ஆயாவின் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வட ஆற்காடு என்ற பெயருக்குக் கீழே அந்தப் பட்டியலில் எழுதியிருக்கும் தாலுகா பெயரை எனக்கு அனுப்பினால், இப்போது அது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.